செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நிறுத்துவது எப்படி? முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்த எங்கள் பூர்விக வீட்டின் முகப்பையும் வளவையும் (நடு முற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரம், அறைகளையும்) பெயர்த்தெடுத்து, புதுக்கோட்டையிலிருந்து திருச்சி செல்லும் சாலைக்கு உள்ளே தள்ளியுள்ள நிலத்தில் மறுபடி நிறுத்தி முடிக்க எங்களுக்கு மூன்றரை ஆண்டுகள் ஆயின. அதில் ஏறத்தாழ ஓராண்டு, தெரியாமல் செய்த பிழைகளைத் திருத்துவதிலேயே போயிற்று. யாரிடம் எந்தக் காகிதம் வாங்க வேண்டும், எதை எப்போது செய்யக்கூடாது என்று வரிசையாகச் சொல்லித் தருவார் எவரும் அன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகளும் காலக்கணக்கும் எங்கள் வீட்டைச் சார்ந்தவை; உங்கள் வீட்டின் அளவுக்கேற்ப அவை மாறும்.

1. பெயர்க்கத்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு பழைய வீட்டுக்குச் செய்யக்கூடிய கடைசி வைத்தியம் இது. நினைவுச்சின்னங்களைப் பேணுவது குறித்து 1964-இல் உருவான வெனிஸ் சாசனம், கட்டடத்தை அதன் இடத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்றும், அதைக் காப்பாற்ற நகர்த்தியே ஆக வேண்டும் என்றாலோ, மிக முக்கியமான நாட்டு நலனோ உலக நலனோ கோரினாலோதான் நகர்த்தலாம் என்றும் சொல்கிறது. செட்டிநாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றவை செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள்தாம். தனி வீடுகள் அல்ல. தெருவிலிருந்து ஒரு வீட்டை எடுத்தால் அந்தத் தெருவுக்கும் ஒரு பல் விழுந்துவிடுகிறது.

கூரை ஒழுகுகிறது, பங்காளிகள் வெளியூரில் இருக்கிறார்கள், பராமரிக்க ஆளில்லை என்பவை மட்டுமே காரணம் என்றால் பெயர்க்காதீர்கள். முதலில் கூரையைச் சரிசெய்து பூட்டி வையுங்கள். நீண்டகாலக் குத்தகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னுள்ள பகுதி) ஏற்கெனவே விழுந்திருந்தது. மனை கைமாறி, வாங்கியவர் தரைமட்டமாக்க நாள் குறித்துவிட்டார். நாங்கள் எடுக்காவிட்டால் நிலைகளும் (கதவுச் சட்டங்களும்) தூண்களும் பழம்பொருள் கடைகளுக்குத் துண்டு துண்டாகப் போயிருக்கும். அந்த நிலை வந்த பிறகே இறங்கினோம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட வீடு முழுதாக நகராது. மரம், கருங்கல் தூண், கதவு, நிலை, ஓடு, இரும்புக் கிராதி, நல்ல செங்கற்களில் ஒரு பகுதி ஆகியவை நகரும். சுவர், பூச்சு, தரை ஆகிய மூன்றும் புதிய இடத்தில் புதிதாகத்தான் எழ வேண்டும். கேரளத்து மரவீடுகளைப் போல முழு வீட்டையும் கழற்றி மாட்டலாம் என்று எண்ணி வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதைக் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். 1996-இல் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் தென்மாநிலங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய வீடுகள் உள்ளன. செவ்வாய்க்கிழமை விடுமுறை. அழகைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பழைய தூண் புதிய தரையில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, கூரையைத் தாங்கும் உத்தரத்தின் முனை சுவருக்குள் எங்கே நுழைகிறது, ஒட்டுப்போட்ட மரம் எது என்று தேடித்தேடிப் பாருங்கள்.

2. பங்காளிகள் அனைவரின் கையெழுத்து

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த வேலைதான்: 14 மாதங்கள். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் பல தலைமுறைப் பங்காளிகளின் பொதுச்சொத்து. மூத்தவர் ஒருவர் சரியென்று தலையாட்டினால் மற்றவர்களும் ஒப்புக்கொண்டதாகவே ஊரில் பேசுவார்கள். சட்டம் அப்படிப் பார்க்காது.

தேவைப்படும் காகிதங்கள்: மூலப்பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, கிடைக்கும் பழைய ஆண்டு வரைக்குமான வில்லங்கச் சான்று, இறந்த பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை. வாரிசுச் சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும். மூன்று தலைமுறைக்கு முன் இறந்தவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக நேரலாம். ஆகவே குடும்ப மரத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் பெண்மக்களின் பங்கு. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமும் மகளுக்கு மகனுக்கு இணையான பங்கைப் பூர்விகச் சொத்தில் தருகின்றன. கல்யாணமாகிப் போன அத்தையின் கையெழுத்து எதற்கு என்று கேட்கும் உறவினரின் பேச்சைக் கேட்டு நாங்கள் இருவரை விட்டுவிட்டோம். சாரம் கட்டிய பிறகு வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. அவர்கள் கேட்டது பணமே இல்லை. தங்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் அவர்களின் மனக்குறை. அது நியாயமான குறை.

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். உறையின் மேலுள்ள அஞ்சல் முத்திரையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

காகிதத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. அந்த வீட்டில் முன்னோருக்குப் படைப்பு நடக்கிறதா என்று பெரியவர்களிடம் முதலிலேயே கேளுங்கள். எங்கள் குடும்பத்து ஆச்சி ஒருவர், "வீட்டைத் தூக்கிட்டுப் போறீகளே, படைப்பை எங்கே வைக்கிறதா இருக்கீக?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பிறகு எல்லாரும் கூடி, படைப்பு நடந்த அறையின் நிலையையும் கதவையும் புதிய வீட்டிலும் அதே திசையில் அதே அறைக்கே வைப்பது என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அதன் பிறகே மற்றவர்களும் மனமுவந்து ஒப்பினார்கள்.

கடைசியாக, நிலம் ஒருவருக்கும் கட்டடப் பொருள்கள் இன்னொருவருக்கும் போவதாக இருந்தால் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடும் ஒப்பந்தத்தை வழக்கறிஞரைக் கொண்டு எழுதுங்கள். எதெது பெயர்க்கப்படும், எந்தத் தேதிக்குள் மனை காலியாகும், கிணறும் சுற்றுச்சுவரும் யாருக்கு என்பவை அதில் இருக்கட்டும்.

3. அலுவலக அனுமதிகள்

வீடு மத்திய அரசின் அல்லது மாநில அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவோ, பாரம்பரியக் கட்டடப் பட்டியலிலோ இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுத் தொல்லியல் துறையிடம் போங்கள். அதைத் தனியார் பெயர்க்க முடியாது. பட்டியலில் இல்லை என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. பாரம்பரியக் கட்டடங்களைப் பேணப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் வட்டாரக் கிளையிடம் கேட்டாலும் விவரம் கிடைக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் பொருள்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். ஏட்டுச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளுக்கு 75 ஆண்டு. இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வதும் குற்றம். செதுக்குவேலை கொண்ட பலகைகளும் சிலைகளும் பதிவு செய்ய வேண்டிய வகையா என்று தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் படத்துடன் விண்ணப்பித்துக் கேளுங்கள்.

உள்ளாட்சி அமைப்பிடம் இடிப்பு அனுமதி வாங்குங்கள். மின்வாரியத்தில் இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்க விண்ணப்பித்தால் வைப்புத்தொகையும் திரும்பக் கிடைக்கும்.

தேக்கும் ஈட்டியும் ஏற்றிய லாரியைச் சாலையில் நிறுத்திக் கேட்பார்கள். அது காட்டிலிருந்து வெட்டிய மரமா, வீட்டிலிருந்து கழற்றியதா என்பதைக் காட்டக் கையில் சான்று வேண்டும். மாவட்ட வன அலுவலகத்தில் மரப்பட்டியலோடு விண்ணப்பித்து, போக்குவரத்து அனுமதி தேவையா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிலைப் பெறுங்கள். கிராம நிர்வாக அலுவலரின் சான்று, இடிப்பு அனுமதியின் நகல், வீடு நின்றிருந்த நிலையில் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒவ்வொரு லாரி ஓட்டுநரிடமும் ஒரு கட்டாகக் கொடுத்துவிடுங்கள். விலைக்கு வாங்கிய பொருள்களானால் சரக்கு வரி விதிகளும் சேரும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், தமிழ்நாட்டுக்குள்ளேயே 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் இ-வே பில் (சரக்கோடு செல்லும் மின்னணுச் சீட்டு) வேண்டும். உங்கள் நேர்வுக்கு இது பொருந்துமா என்பதைக் கணக்காளர் சொல்வார்.

4. புதிய நிலம்

வீட்டை எடுப்பதற்கு முன்பே நிலமும் கட்டட அனுமதியும் கையில் இருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்களின் மரங்கள் கொட்டகையில் கிடந்து மக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் நிலம் பார்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமயம், சித்தன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர் என்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. அத்தகைய சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேண்டும். சின்னம் கண்ணுக்கு எட்டாமல் ஒரு குன்றுக்குப் பின்னால் இருந்தாலும் அளவு அளவுதான்.

நிலம் விவசாய நிலமாகப் பதிவாகியிருந்தால் பயன்பாட்டு மாற்றத்துக்குத் தனியே மாதங்கள் ஆகும். 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் 2024 முதல் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. ஆனால் வளவு வைத்த வீடு அந்த அளவுக்குள் அடங்குவது அரிது. பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளி, வளவின் திறந்த முற்றம், மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றை வரைபடத்தில் தெளிவாகக் காட்டுங்கள். பழைய வீட்டின் அறைகள் இன்றைய விதிகளின்படி சன்னல் போதாதவை என்று கேள்வி வரும். முற்றத்திலிருந்து வெளிச்சமும் காற்றும் வருவதைக் குறுக்குவெட்டுப் படத்தில் காட்டியே எங்கள் பொறியாளர் அதற்குப் பதில் சொன்னார்.

மண்ணைச் சோதியுங்கள். எங்கள் பழைய வீடு நின்றது சரளை கலந்த செம்மண்ணில். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அதன்மேல் சுண்ணாம்புச் சுவரை எழுப்பினால் இரண்டாவது கோடையிலேயே விரிசல் காணும். முதலில் எங்களுக்குப் பிடித்திருந்த ஒரு நிலத்தை, விலை குறைவாக இருந்தும் இந்தக் காரணத்துக்காகவே விட்டோம்.

திசையை மாற்றாதீர்கள். வாஸ்து நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது முக்கியம். கிழக்கு பார்த்த முகப்பின் தாழ்வாரம் எவ்வளவு நீளம், எந்தப் பக்கத் தூண் மரம், எந்தப் பக்கம் கல் என்பதெல்லாம் வெயிலையும் சாரலையும் கணக்கிட்டு வைத்தவை.

5. அளப்பதும் எண்ணிடுவதும்

ஒரு பொருளைக்கூட அசைப்பதற்கு முன் வீடு முழுவதையும் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். தரைப்படம், நான்கு பக்கத் தோற்றம், குறைந்தது இரண்டு குறுக்குவெட்டு ஆகியவை 1:50 அளவிலும், நிலை, போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை), கைமரம் (கூரையின் சாய்வு மரம்) சேரும் இடங்கள் 1:10 அளவிலும் வேண்டும். பாரம்பரியக் கட்டட அனுபவமுள்ள கட்டடக்கலைஞர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் எங்களுக்கு 4 மாதங்களில் இதைச் செய்து தந்தார்கள். இந்தச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பிறகு அதைப்போல் பலமடங்கு செலவழிக்கிறார்கள்.

எண்ணிடும் முறை எளிமையாக இருக்கட்டும். நாங்கள் பின்பற்றியது: பகுதி, பக்கம், உயரம், வரிசை எண். வ-கி-2-7 என்றால் வளவு, கிழக்குப் பக்கம், இரண்டாம் மட்டம், தெற்கிலிருந்து ஏழாவது. எந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை ஒருமுறை முடிவு செய்தால் அதை எவரும் மாற்றக்கூடாது. எண்ணை அலுமினியத் தகட்டில் அச்செழுத்தாகத் தட்டி, சுவருக்குள்ளோ மூட்டுக்குள்ளோ மறையப்போகும் முகத்தில் பித்தளை ஆணியால் அடியுங்கள்.

நாங்கள் ரீப்பர்களுக்கு (ஓடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) மட்டும், ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே என்று, காகிதச் சீட்டு ஒட்டினோம். கொட்டகையில் ஒரு மழைக்காலம் கழிந்து தார்ப்பாயை விலக்கியபோது பசையைப் பூச்சி தின்றிருந்தது. சீட்டுகள் கீழே தூளாகக் கிடந்தன. வெவ்வேறு நீளம் கொண்ட அத்தனை ரீப்பர்களையும் தரையில் பரப்பி, ஆணித்துளைகளைக் கைமரத்தின் துளைகளோடு ஒப்பிட்டு இடம் கண்டுபிடிக்க ஆசாரிகள் இருவருக்கு ஐந்து வாரங்கள் ஆயின.

ஆசாரி ஒருவர் எங்களுக்குக் காட்டிய ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வளவின் முதல் தூணிலிருந்து போதிகையைத் தூக்கியதும், அதன் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து என்னைக் கூப்பிட்டார். துளைக்குள் பொருந்தும் கழுந்தின் ஓரத்தில் உளியால் ஒரே ஒரு கீறல். தூணின் தலையிலிருந்த துளையின் ஓரத்திலும் அதே போல் ஒரு கீறல். அடுத்ததில் இரண்டிரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. முதன்முதலில் இழைத்தவர்கள் பட்டறையில் சேர்த்துப் பார்த்துப் பிரித்து, இங்கே வந்து மாட்டுவதற்காக இட்ட குறிகள் அவை. எந்தத் தூணுக்கு எந்தப் போதிகை என்று எங்கள் படத்தில் ஐயமிருந்த இரண்டு இடங்களை அந்தக் கீறல்களே தீர்த்துவைத்தன. உங்கள் வீட்டிலும் இருக்கும். தேய்த்துக் கழுவி அழித்துவிடுவதற்கு முன் தேடிப் படமெடுங்கள்.

6. ஆட்களும் ஒப்பந்தமும்

இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவருக்கு வேகம்தான் லாபம். வீட்டை மறுபடி எந்த ஆசாரி மாட்டப்போகிறாரோ அவரே கழற்ற வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது கை கற்றுக்கொள்வது எந்தப் படத்திலும் ஏறாது. கொத்தனாரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் சுண்ணாம்பில் கட்டிய சுவரைப் போய்ப் பாருங்கள்.

கழற்றும் வேலையை மொத்தக் கூலிக்குப் பேசாமல் நாட்கூலிக்குப் பேசுங்கள். உடைந்த பொருளுக்குப் பிடித்தம் என்று எழுதினால் உடைந்ததை மறைப்பார்கள். சொல்லிவிட்டால் பிடித்தமில்லை என்று எழுதினால் உடனே சொல்வார்கள்.

7. கழற்றுதல்

தை பிறந்ததும் தொடங்கி, கோடைமழைக்கு முன் முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் கூரையற்ற சுவர் நின்றால் ஒரே இரவில் போய்விடும். எங்களுக்கு ஆறு வாரங்கள் ஆயின.

வரிசை மேலிருந்து கீழே: முகட்டு ஓடு, பின் மற்ற ஓடுகள், ரீப்பர், கைமரம், உத்தரம், போதிகை, தூண். நிலையும் கதவும் சுவரைத் தளர்த்திய பிறகுதான். மர முளைகளை அடித்துப் பிளக்காதீர்கள். பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டினால் வெளியே வரும், வராவிட்டால் துளையிட்டு எடுக்கலாம். குடுமிக் கதவுகளுக்குக் கீல் கிடையாது, மேலும் கீழும் குழிகளில் சுழல்பவை. கீழ்க்குழி இருக்கும் கல்லையும் கதவோடு எடுத்து ஒரே எண் கொடுங்கள். பலர் அந்தக் கல்லை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள்.

எடையை முன்கூட்டிக் கணக்கிடுங்கள். ஓரடிச் சதுரத்தில் 10 அடி உயரக் கருங்கல் தூண் ஏறத்தாழ முக்கால் டன் இருக்கும். 15 அடி நீளமும் ஓரடி அகலமும் 10 அங்குலக் கனமும் கொண்ட தேக்கு உத்தரம் 200 கிலோவைத் தாண்டும். கல்தூணுக்குக் கிரேன் வேண்டும். சங்கிலி நேரே கல்லில் படாமல் பட்டைக் கயிறு கட்டுங்கள். தெரு குறுகலாக இருந்தால் கிரேன் நுழையுமா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரையைப் பெயர்க்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். நாங்கள் ஓர் அறையில் முயன்றதில் பத்துக்கு எட்டு உடைந்தன. ஒவ்வொரு வடிவத்திலும் முழுதாக வந்த இரண்டு கற்களை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, ஆத்தங்குடியிலேயே புதிதாகச் செய்யக் கொடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நிறக்கலவையைக் கையால் ஊற்றிச் செய்வதால் ஒவ்வொரு கல்லும் சற்றே மாறும். முன்பணம் கட்டி, மூன்று மாதம் முன்னரே சொல்லிவையுங்கள்.

8. ஏற்றுவதும் அடுக்கிவைப்பதும்

கழற்றிய வரிசைக்கு நேர்மாறாகத்தான் மாட்டுவீர்கள். ஆகவே தூணும் உத்தரமும் கொட்டகையின் வாயிலருகே வரும்படி அடுக்குங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கல்லின் மேல் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு இடையில் குச்சி கொடுத்துக் காற்றோட்டம் விடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கொட்டகையைச் சுற்றிக் கரையான் தடுப்பு செய்யுங்கள். இரவுக் காவலுக்கு ஒருவர் அவசியம், ஏனென்றால் பழைய தேக்குக்கு எப்போதும் வாங்க ஆளிருக்கிறது. பயணக் காப்பீடு எடுக்கும்போது எண்ணிட்ட பட்டியலையே இணைப்பாகக் கொடுங்கள்.

9. மறுபடி எழுப்புதல்

சிமெண்டை வீட்டுக்குள் விடாதீர்கள் என்பதுதான் இந்தப் பகுதியில் நான் கெஞ்சிக் கேட்பது. அடித்தளத்தில் பொறியாளர் சொல்லும் அளவுக்கு இருக்கட்டும், சுவரில் வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனையைத்தான் முதலில் அரிக்கும். அது கண்ணுக்குத் தெரிவதற்குள் பத்தாண்டுகள் கடந்திருக்கும். சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் சேதமில்லாமல் பிரிந்து வந்ததால்தான் எங்களால் அதில் பாதியை மறுபடி பயன்படுத்த முடிந்தது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட்டோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஈரம் படும் இடங்களில் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் தூள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளித்த நீரை அதில் சேர்த்து அரைத்தார்கள். ஒரு நாளில் 3 அடிக்கு மேல் சுவரை எழுப்பவில்லை. ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்துவார், அவசரத்துக்கு இணங்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சைத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கைகள் குறைவு. நாங்கள் முகப்பில் மட்டும் அதைச் செய்து, உள்ளே சாதாரணச் சுண்ணாம்புப் பூச்சோடு நிறுத்தினோம்.

மரத்தைப் பொறுத்தவரை, கெட்டுப்போனதை மட்டும் வெட்டி, அதே வகைப் பழைய மரத்தால் ஒட்டுப்போடுங்கள். தூணின் அடி இரண்டடி மக்கியதற்காக முழுத் தூணையும் மாற்ற வேண்டாம். ஒட்டிய இடத்தை நிறம் பூசி மறைக்காமல் விட்டோம். எது பழையது எது புதியது என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் கரையானையும் வண்டையும் தடுக்கும், ஆனால் மழை பட்டால் கரைந்துவிடும். கூரைக்குக் கீழுள்ள மரத்துக்கு மட்டும் பூசுங்கள். அது காய்ந்த பின் ஆளிவிதை எண்ணெய் போதும், வார்னிஷ் வேண்டாம். பழைய பெயிண்டை அகற்ற நெருப்போ இயந்திர உராய்வோ கூடாது. செதுக்குவேலையின் விளிம்பு மழுங்கிவிடும்.

மின்கம்பி, குழாய், கழிவறை ஆகியவற்றின் இடத்தைச் சுவர் எழும் முன்பே படத்தில் முடிவு செய்யுங்கள். கழிவறைகளைப் பழைய அறைகளுக்குள் திணிக்காமல் பின்பக்கம் புதுக்கட்டடமாக வைத்தோம்.

10. பணம்

மொத்தச் செலவை நூறு ரூபாயாக எடுத்துக்கொண்டால், எங்களுக்குச் சுவருக்கும் சுண்ணாம்பு வேலைக்கும் 31, தச்சு வேலைக்கு 23, கழற்றிக் கட்டுவதற்கு 14, கூரைக்கும் தரைக்கும் 9, ஏற்றுகூலிக்கு 7, அளப்பதற்கும் படத்துக்கும் 6, கொட்டகைக்கும் காவலுக்கும் 4, சட்டம், கட்டணம், பயணம் ஆகியவற்றுக்கு மீதி 6 ஆயின. முதலில் போட்ட மதிப்பீட்டைவிட முடிவில் 35 விழுக்காடு கூடிற்று. பெரும்பாலும் இரண்டு இடங்களில்: தூண்களின் அடிமரம் நினைத்ததைவிட மக்கியிருந்தது, உடைந்த ஓடுகளுக்கு ஈடாகப் பழைய ஓடு தேடி வாங்க வேண்டியிருந்தது. கையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இல்லாமல் முதல் ஓட்டில் கைவைக்காதீர்கள்.

வழக்கமான வீட்டுக்கடன் இதற்கு எளிதில் கிடைக்காது. பழைய மரத்தை வங்கி மதிப்பீட்டாளர் பொருளாகக் கணக்கிட மாட்டார். புதிய சுவரையும் நிலத்தையும் காட்டி ஒரு பகுதிக்கு வாங்கினோம். பங்காளிகள் பணம் போடுவதானால் யார் எவ்வளவு, வீட்டில் யாருக்கு என்ன உரிமை என்பதைத் தனிப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள்.

11. முடிந்த பிறகு

பழைய கட்டடத்தின் சொத்துவரியை நீக்கக் கோரி உள்ளாட்சி அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இல்லாவிட்டால் இல்லாத வீட்டுக்கு வரி ஏறிக்கொண்டே இருக்கும். புதிய வீட்டுக்கு வரி விதிப்பு, மின் இணைப்பு, நிறைவுச் சான்று தேவையானால் அது என்று மூன்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

முதல் பருவமழையின் முதல் பெருமழை நாளில் வீட்டிலேயே இருங்கள். முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, நான்கு கூரைகளும் சேரும் மூலை வாய்களில் எங்கே கசிகிறது, உத்தர முனைகளில் ஈரம் தெரிகிறதா என்று விளக்கோடு ஒவ்வொரு மூலையும் போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் வடமேற்கு மூலையில் ஒழுகிற்று. மூன்று ஓடுகளை மாற்றியதும் நின்றது.

படங்கள், எண் பட்டியல், கலவை அளவுகள், எந்த மரம் எந்த ஆண்டு ஒட்டப்பட்டது என்ற குறிப்பு ஆகியவற்றை நான்கு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று கட்டடக்கலைஞரிடம், ஒன்று வேறு ஊரிலுள்ள ஒரு பங்காளியிடம் இருக்கட்டும். நான்காவதை எண்ணெய்த்தாளில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்து, மச்சில், கரையான் ஏறாத உயரத்தில் வையுங்கள். எங்கள் பெட்டி முகப்பின் மச்சில், கிழக்குப் பக்க விட்டத்தை ஒட்டி இருக்கிறது. அதன் மூடியின் உட்புறத்தில் போதிகைகளின் கீறல்களை எடுத்த படங்களையும் ஒட்டியிருக்கிறோம்.